ஊற்றாத தண்ணீர்

குசினியில் இருந்த குடம், வாளி, சருவம் எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டு, மூலையில் நின்ற மணல் வடிகட்டியின் மூடியைத் திறந்தாள் அற்புதராணி. செத்தவீட்டில் நின்ற தண்ணீர் இருக்கக்கூடாது என்பது அவள் கட்சி. செத்தவீடு என்றால் சிலருக்கு அடுத்தவர் குசினி தானாகவே சொந்தமாகிவிடும். இங்கே செத்தது அவளுடைய தம்பி என்பதால் யாரும் தடுக்கவில்லை.

சிவகௌரி முன்னறையில் புருஷனின் தலைமாட்டில் இருந்தாள். சுதாகரன் நேற்றுப் பின்னேரம் தோட்டத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர். அழுதழுது காதடைத்திருந்த அவளுக்கு ஒரு சத்தம் மட்டும் கேட்டது. வடிகட்டியின் குழாயிலிருந்து வெறும் சீமெந்தில் நூலாக விழும் தண்ணீர். காலையில் அவர் ஒரு வாளி கிணற்றுத் தண்ணீரை மேலே ஊற்றினால்தான் அது ஓடும். ஒரு மணித்தியாலத்தில் நின்றுவிடும். இன்றைக்கு ஊற்ற அவர் இல்லை.

எழும்பிப் போனாள். கோப்பையும் கையுமாக அற்புதராணி விறைத்துப்போய் நின்றாள்.

"ஆர் மச்சாள் ஊத்தினது?"

"நான் அள்ள வந்தனான், ஊத்த வரேல்லை. தொட முன்னமே ஓடுது."

வாசலில் மகள் தனுஷிகா வந்து நின்றாள். "நானில்லை அம்மா. அப்பாவின்ரை கால்மாட்டாலை நான் எழும்பவேயில்லை."

அற்புதராணி குரலைத் தாழ்த்தினாள். "தம்பிக்குப் போக மனமில்லை. இறைச்சுவிடுவம் கௌரி. உந்தப் பழுப்பு ஊத்தையையும் சுரண்டி எறிவம்."

கோப்பை மணலைத் தொட முன்னர் சிவகௌரி அவள் கையைப் பிடித்துவிட்டாள்.

ஐந்து வருசத்துக்கு முன்னர் தனுஷிகா நெருப்புக்காய்ச்சலில் கிடந்தபோது சுதாகரன் கட்டியது அது. அயல்வீட்டு மலக்குழிக்கும் தங்கள் கிணற்றுக்கும் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் தொடுப்பிருந்தது அப்போதுதான் தெரிந்தது. சீமெந்துப் பெட்டி, அடியில் சல்லி, மேலே அரித்த மணல். மணலில் படர்ந்த பழுப்புத் தோல்தான் கிருமிகளைத் தின்கிறது, காய்ந்தால் அது செத்துவிடும், பிறகு மூன்று கிழமைக்குத் தண்ணீரை நம்பேலாது. 'இந்த ஊத்தைதான் தண்ணியைக் கழுவுது' என்று வருவோர் போவோருக்கெல்லாம் சொல்லி அலுக்காத மனிதர்.

"அது சீவன் உள்ளது மச்சாள். இவர் வளத்தது. ஒரு நாளிலை ஒண்டு போனது காணும்."

அற்புதராணிக்குக் கண் கலங்கியது. "அவன் என்ரை கையிலை வளந்தவன். அவனைத் துரத்த எனக்கு ஆசையோ? தண்ணி கிடந்தா அதையே சுத்திக்கொண்டு நிப்பான். சரி, இப்ப விடுறன். பிரேதம் போன பிறகும் உது தன்ரை பாட்டிலை ஓடினா, உன்னைக் கேக்கமாட்டன். முழுக்க இறைச்சுவிடுவன்."

மூன்று மணிக்கு ஆண்கள் பிரேதத்தைச் சுடலைக்குக் கொண்டுபோனார்கள். பறைச் சத்தம் சண்டிலிப்பாய்ச் சந்தியைத் தாண்டித் தேய்ந்தது. பெண்கள் வீட்டைக் கழுவி முடித்தபோது குழாய் நின்றிருந்தது.

"நிண்டிட்டுது. தம்பி போயிட்டான்." அற்புதராணி வெளிப்படியில் குந்தியிருந்து அழுதாள். "இனி நீ ஊத்து கௌரி. உன்ரை சீவன் காயாமல் இருக்கட்டும்."

பிரேதத்தைத் தூக்கியபோதுகூட சிவகௌரிக்கு இப்படி உறைக்கவில்லை. அவர் போகாமல் நின்றால்தான் யாருக்கு என்ன நட்டம் என்று கோபம் கோபமாக வந்தது. கிணற்றில் ஒரு வாளி அள்ளிக்கொண்டு தனியே குசினிக்குள் போய் மூடியைத் தூக்கினாள்.

உள்ளே விளிம்பு வரை தண்ணீர். அந்த நிமிடம்தான் யாரோ ஊற்றியதுபோல் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. கீழே குழாய் ஓடத் தொடங்கியது.

"ஊத்தியாச்சோ?" படியிலிருந்து அற்புதராணி கேட்டாள்.

"ஓம் மச்சாள்."

மூடியைச் சத்தமில்லாமல் வைத்தாள். நிறைந்த வாளியைத் தூக்கிக்கொண்டு பின்கதவால் இறங்கி, தண்ணீரை வாழையடியில் மெல்ல ஊற்றினாள்.