இருபது விநாடி சைரன்

நான் வேலை பார்ப்பது சுரங்கத்தின் கன்வேயர் கட்டுப்பாட்டு அறையில். நெய்வேலியில் இதைச் சொன்னால் எந்த ஷிப்ட் என்று மட்டும் கேட்பார்கள். சென்னையில் சொன்னால், அங்கே என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகவே நான் சென்னைக்குப் போகலாம்.

செய்வது இதுதான். வெட்டிய மண்ணையும் நிலக்கரியையும் நீளமான ரப்பர் பெல்ட்டுகள் சுமந்து போகின்றன. ஒரு பெல்ட் அடுத்ததன்மேல் கொட்டும், அது அதற்கடுத்ததன்மேல் கொட்டும். இவற்றை ஓட்டத் தொடங்கும்போது கடைசி பெல்ட்டைத்தான் முதலில் ஓட்ட வேண்டும். முதல் பெல்ட்டை முதலில் ஓட்டினால், நின்றுகொண்டிருக்கும் இரண்டாவது பெல்ட்டின்மேல் மண் மலையாகக் குவிந்துவிடும். யோசித்தால் எளிமையானது. ஆனால் யாரும் யோசிக்காமல் சரியாகச் சொல்லி நான் பார்த்ததில்லை.

இன்னொன்றும் உண்டு. எந்த பெல்ட்டாக இருந்தாலும் நகர்வதற்கு முன் சைரன் ஒலிக்க வேண்டும். நான் அறைக்குள் உட்கார்ந்திருக்கிறேன். எனக்குத் தெரிவது பச்சை, சிவப்பு விளக்குகள் மட்டும். பெல்ட்டுக்குப் பக்கத்தில் யார் குனிந்திருக்கிறார் என்று தெரியாது. அந்த மனிதரிடம் நான் பேச வழி சைரன். அவர் என்னிடம் பேச வழி, பெல்ட் நெடுகக் கட்டியிருக்கும் சிவப்புக் கயிறு. யார் வேண்டுமானாலும் அதை இழுக்கலாம், இழுத்த உடனே பெல்ட் நின்றுவிடும். ஏன் இழுத்தாய் என்று நான் இங்கிருந்தே விசாரித்து மறுபடி ஓட்ட முடியாது. ஒருவர் அந்த இடத்துக்கே நடந்துபோய், பார்த்து, கையால் சரிசெய்த பிறகுதான் ஓட்டலாம். அதுவும் மறுபடி சைரன் கொடுத்த பிறகு.

இனி என்னுடைய பொழுதுபோக்கைச் சொல்கிறேன். பன்னிரண்டு வருடங்களுக்கு முன், மகள் தமிழ்மொழிக்கு நான்கு வயதாக இருந்தபோது, சென்னையில் ஆண்டுக்கொருமுறை நடக்கும் ரசிகர் திருவிழாவுக்கு அவளைக் கூட்டிப்போனோம். படக்கதை, அனிமேஷன், வீடியோ கேம் ரசிகர்கள் தங்களுக்குப் பிடித்த பாத்திரங்களாக உடை அணிந்துகொண்டு இரண்டு நாள் கூடும் விழா. அங்கே ஒரு பெண் முதுகில் இரண்டு சிறகுகள் விரிந்து மூடின. எப்படி வேலை செய்கிறது என்று கேட்டேன். அவள் சிறகைக் கழற்றி, தரையில் போட்டு, முக்கால் மணி நேரம் விளக்கினாள். குடைக்கம்பி, சைக்கிள் பிரேக் ஒயர், அவ்வளவுதான். மொழி என் மடியில் தூங்கிவிட்டாள். நான் அடுத்த வருடம் என் முதல் உடையோடு போனேன்.

அதன்பிறகு ஒரு வருடம்கூடத் தவறவில்லை. எங்கள் குவார்ட்டர்ஸில் கட்டிலுக்கு அடியில் ஃபோம் ஷீட், பரணில் கவசங்கள், பால்கனிக் கொடியில் சாயம் காயும் கைகள். என் கணவர் அறிவுச்செல்வன் ஆஸ்பத்திரி பார்மசியில் வேலை பார்ப்பவர், சுத்தக்காரர். சாம்பாரில் ஃபோம் துகள் கிடந்தால் எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, "இது உடம்புக்கு நல்லதா பொற்கொடி?" என்று மட்டும் கேட்பார்.

விழாவின் மேடைப் போட்டிக்கு நான் ஒருமுறையும் தேர்வானதில்லை. இந்த வருடம் தேர்வானேன்.

இந்தத் தடவை யாருடைய பாத்திரத்தையும் எடுத்துக்கொள்ளவில்லை. சொந்தமாகப் படைத்தேன். பெயர் பழுப்பரசி. பழுப்பு நிலக்கரிக்கு அரசி. அவள் வலது கை, சுரங்கத்தில் மண் வெட்டும் பெரிய சக்கர இயந்திரம். மொழியின் பழைய சைக்கிள் ரிம்மைச் சுற்றி எட்டு வாளிகள். வாளிகளுக்காக ஆறு வாரம் ஐஸ்கிரீம் சாப்பிட்டோம், டப்பாக்களைக் கழுவி, வெட்டி, பல் ஒட்டினேன். பழைய டிராவல் பையின் சட்டம் முதுகில். அதில் கார் வைப்பரின் மோட்டார். வைப்பர் மோட்டாரை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்றால், அது மெதுவாகச் சுற்றும், ஆனால் விடாமல் சுற்றும். மழையையும் சேற்றையும் தள்ளிப் பழகியது. செயின் போட்டு வேகத்தை இன்னும் குறைத்ததில் சக்கரம் மூன்று விநாடிக்கு ஒரு சுற்று சுற்றியது.

எவ்வளவு வலு என்று பார்க்க, சுற்றும் வாளியில் ஒரு ஈரத் துண்டைத் தொங்கவிட்டேன். துண்டைச் சுருட்டி, கொடியோடு இழுத்து, காய்ந்துகொண்டிருந்த அறிவுச்செல்வனின் இரண்டு சட்டைகளையும் உள்ளே வாங்கிக்கொண்ட பிறகும் மோட்டார் நிற்கவில்லை. சுவிட்சை அணைத்தேன்.

அன்றைக்கே சைரன் வைத்தேன். வலது கைப்பிடியில் இருக்கும் பட்டனை அழுத்தினால் இருபது விநாடி சைரன், பிறகுதான் மோட்டார். பின்னால் மூன்று மீட்டர் சிவப்பு நைலான் கயிறு. ஹெல்மெட் போட்டுக்கொண்டு அறிவு அதைப் பிடித்து நடந்து வருவார். இழுத்தால் நின்றுவிடும். அவரே வந்து, கயிறு அணைத்த முதுகுச் சுவிட்சை மறுபடி தூக்கிவிட்டு என் தோளில் இரண்டு தட்டு தட்டினால்தான் நான் மறுபடி தொடங்குவேன்.

மொழிக்கு இது பொறுக்கவில்லை. பதினாறு வயதில் ஒயரிங் எல்லாம் அவள்தான்.

"மேடையில நாப்பத்தஞ்சு செகண்ட் தராங்கம்மா. நடுவுக்கு நடந்து போக ஆறு. சைரன் இருபது. சக்கரம் சுத்துறதுக்குப் பத்தொன்பதுதான் மிச்சம். மார்க்கே அசையிறதுக்குத்தான்."

"பத்தொன்பது விநாடியில ஆறு சுத்து வரும்."

"மூணு செகண்ட் சைரன் போதாதா?"

"மூணு செகண்ட்ல ஒருத்தர் சத்தத்தைக் கேப்பார். எதுக்குன்னு புரிய இன்னும் அஞ்சு. அப்புறம் கையில இருக்கறத வச்சுட்டு நகர வேணாமா?"

"அது மைன்ஸ்மா. இது ஐஸ்கிரீம் டப்பா."

"உங்கப்பா சட்டையக் கேட்டுப் பாரு."

அறிவு பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "சட்டை பேசற நிலமையில இல்ல" என்றார்.

கடைசியில் மொழி ஒரு சமாதானம் கொண்டுவந்தாள். இடது கைப்பிடிக்குள் சின்னதாக ஒரு பைபாஸ் சுவிட்ச். கட்டை விரலால் தட்டினால் சைரன் இல்லாமல் நேராக மோட்டார். "அவசரத்துக்குத்தாம்மா. நீ தொடவே வேணாம்." அவள் சால்டர் செய்த அழகில் மறுக்க மனம் வரவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன்.

விழாவுக்காக என்னோடு ஷிப்ட் மாற்றிக்கொண்டவர் சிங்காரவேலு அண்ணன், குறிஞ்சிப்பாடிக்காரர், எனக்குப் பக்கத்து நாற்காலி. "ஏம்மா பொற்கொடி, பன்னெண்டு வருசமா வேசம் கட்டிகினு போற. ஒரு கப்பாவது வூட்டுக்கு வந்துச்சா?"

"கப்பு எதுக்குண்ணா. சக்கரம் அவ்ளோ பேர் முன்னாடி சுத்தணும். அதான் வேணும்."

"இங்க தெனம் சுத்துதே, அத எவன் பாக்கறான்" என்றார். அதைத்தான் நானும் சொல்கிறேன் என்று அவருக்குப் புரியவில்லை.

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் பழுப்பரசி பதினான்கு துண்டுகளாகப் போனாள். எல்லாம் காதுநட்டு போட்டது, ஸ்பேனர் தேவையில்லை, கையாலேயே முடுக்கலாம். நடத்துநர் சக்கரத்தைப் பார்த்து, "ராட்டினமாங்க?" என்றார். பண்ருட்டி வரைக்கும் விளக்கினேன்.

மதியம் மூன்று மணிக்கு மேடை. ஆயிரம் பேராவது இருப்பார்கள். மேடை முழங்கால் உயரம்தான், ஓரத்தில் படம் எடுப்பவர்கள் கூட்டம். தொகுப்பாளர் ஹரி என்ற இளைஞர், தரையைத் துடைக்கும் நீளத்தில் கறுப்புப் போர்வை அணிந்திருந்தார். பின்னால் பெரிய திரையில் விநாடிகள் குறைந்துகொண்டே வரும். தலைக்கவசத்தின் கண்துளை வழியாக எனக்கு நேரே இருப்பது மட்டும் தெரியும். பக்கவாட்டில் எதுவும் தெரியாது. பழகிய நிலைமைதான்.

"அடுத்து, நெய்வேலியிலேர்ந்து பழுப்பரசி" என்றார் ஹரி. மணி அடித்தது. ஆறு அடி வைத்து நடுவுக்குப் போனேன். பட்டனை அழுத்தினேன். சைரன் கூவியது.

ஒரு விஷயத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை. எங்கள் ஊரில் பெல்ட் பக்கம் அந்தச் சத்தம் கேட்டால் எல்லோரும் விலகுவார்கள். கால் தானாகப் பின்னால் போகும். சென்னையில் அந்த அரங்கத்தில் இருந்தவர்களுக்குச் சைரன் என்றால் ஏதோ நடக்கப்போகிறது, அருகில் போய்ப் பார்க்க வேண்டும். கூட்டம் முன்னால் நெருக்கியது. நான்கைந்து பேர் கைபேசியை நீட்டியபடி மேடை விளிம்பில் ஏறினார்கள். ஹரி நகைச்சுவை சொல்வதற்காக என் வலது பக்கம் வந்து, சக்கரத்துக்கு முதுகைக் காட்டி நின்றார். இதெல்லாம் பிறகு மொழி எடுத்த வீடியோவில் பார்த்தது. அப்போது எனக்குத் தெரிந்தது சத்தம் மட்டும்.

இருபது விநாடி முடிந்தது. சக்கரம் நகர்ந்தது. தோளில் அந்த அதிர்வை உணர்ந்தேன், அரங்கம் ஓவென்றது. கால் சுற்றில் நின்றுவிட்டது.

அறிவு கயிற்றை இழுத்திருக்கிறார்.

ஏன் என்று கேட்கவில்லை. கேட்கக் கூடாது. நான் அசையாமல் நின்றேன். வீடியோவில் பார்த்தால், மூன்றாவது வாளியின் பற்களில் ஹரியின் போர்வை நுனி மாட்டியிருந்தது. போர்வை அவர் கழுத்தில் முடிச்சுப் போட்டுக் கட்டியது. இன்னும் ஒரு சுற்று போயிருந்தால் என்ன ஆகும் என்று வைப்பர் மோட்டாரை அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அறிவு கயிற்றைச் சுருட்டிக்கொண்டு நிதானமாக நடந்து வந்தார், பார்மசியில் மாத்திரை எண்ணும் நிதானம். போர்வை நுனியை விடுவித்து, மடித்து, ஹரியின் கையிலேயே கொடுத்தார். "இத வச்சுக்குங்க தம்பி. ரெண்டு எட்டு பின்னாடி." விளிம்பில் நின்றவர்களை உள்ளங்கையால் காட்டிக் கீழே இறக்கினார். பிறகு முதுகுச் சுவிட்சைத் தூக்கிவிட்டார். என் தோளில் இரண்டு தட்டு.

கீழே இருந்து மொழியின் குரல் வந்தது. "ஒம்பது செகண்ட் இருக்கும்மா. பைபாஸ்."

கட்டை விரல் சுவிட்சின்மேல் இருந்தது. தட்டினால் மூன்று சுற்று சுற்றும், மணி அடிக்கும் முன்பே. மதிப்பெண் சேரும். பன்னிரண்டு வருடத்தில் முதல் மேடை. அறிவு சரி என்று சொல்லிவிட்டாரே, பிறகு சைரன் எதற்கு என்று கேட்கலாம். அவர் பார்த்தது அந்த விநாடியை. அடுத்த விநாடியில் யார் எங்கே கால் வைப்பார் என்று அவருக்கும் தெரியாது, எனக்கோ எதுவுமே தெரியாது. தெரியாத இடத்தில் இருப்பவர் செய்யக்கூடியது ஒன்றுதான்.

விரலை எடுத்தேன். வலது கையின் பட்டனை அழுத்தினேன்.

சைரன் இரண்டாவது முறை கூவியது. ஒன்பது விநாடியில் மணி அடித்தது. திரையில் பூஜ்யம் சிவப்பாக நின்றது. இனிமேல் செய்வதற்கு மதிப்பெண் கிடையாது என்பது விதி. சைரன் ஓயவில்லை, நானும் நகரவில்லை. கண்துளை வழியே நேரே இருந்த கூட்டம் தெரிந்தது. முன்வரிசையில் ஒரு பெண் பக்கத்தில் இருந்தவரின் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். அவர் தனக்குப் பின்னால் இருந்தவரைத் தள்ளினார். கைபேசிகள் தூக்கியபடியே இருந்தன, கால்கள் மட்டும் பின்னால் போயின. மேடைக்கும் கூட்டத்துக்கும் நடுவில் ஓர் ஆள் படுக்கும் அகலத்துக்கு வெற்றுத் தரை தெரிந்தது. யாரும் அவர்களிடம் எதுவும் சொல்லவில்லை. ஒருமுறை பார்த்தார்கள், புரிந்துகொண்டார்கள்.

பிறகு சக்கரம் சுற்றியது. பத்துச் சுற்று எண்ணினேன். ஒவ்வொரு வாளியும் மேலே போய், கவிழ்ந்து, கறுப்பு ஃபோம் துண்டுகளைக் கொட்டிவிட்டுக் கீழே வந்தது. ஹரி மைக்கை இறக்கி வைத்துவிட்டுப் போர்வையை மார்போடு கட்டிக்கொண்டு நின்றார். நானே நிறுத்திவிட்டு இறங்கினேன்.

பரிசு சிறகு வைத்த ஒரு டிராகனுக்குப் போனது. நல்ல டிராகன், கழுத்து மூட்டு பிரமாதம். நான் போய் எப்படி என்று கேட்டேன், அந்தப் பையன் கழற்றிக் காட்டினான். என்னைச் சுற்றியும் ஒரு கூட்டம் நின்றது. சக்கரத்தைப் பற்றி ஒருவர் கேட்டார், மற்றவர்கள் எல்லோரும் கயிற்றைப் பற்றித்தான் கேட்டார்கள். அறிவு ஒரு ஓரத்தில் நான்கு பேருக்கு இழுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். "எப்ப இழுக்கணும்னு யோசிக்கக் கூடாதுங்க. யோசிச்சா நேரம் போயிடும்." வீட்டில் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் தரச் சொன்னால் எது என்று கேட்பவர்.

ஞாயிறு திரும்பும் பஸ்ஸில் மொழி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டினாள். விக்கிரவாண்டியில் டீக்கு நின்றபோது சொன்னாள்.

"அந்தப் போர்வை மாட்டினதுக்கு அப்புறமும் நீ பைபாஸ் போட்டிருந்தா..."

"போடலையே."

"போடச் சொன்னது நான்தானே."

"சொன்னா என்ன. இழுக்க உங்கப்பா இருந்தார்ல."

அவள் டீயை ஊதினாள். பிறகு நோட்டை எடுத்துப் படம் போட்டாள். சக்கரத்துக்குப் பின்னால் முதுகு வழியாக ஒரு குட்டி பெல்ட், கொட்டுவதற்கு இடுப்பில் ஒரு பெட்டி. "அடுத்த வருஷம் ரெண்டு மோட்டார் வருது. சக்கரத்த முதல்ல ஓட்டினா பெல்ட்டு மேல குவிஞ்சுக்கும். அப்ப பெல்ட்ட முதல்ல ஓட்டணும். சரியா?"

இத்தனை வருடத்தில் யோசிக்காமல் அதைச் சரியாகச் சொன்ன முதல் ஆள். நான் தலையை மட்டும் ஆட்டினேன், டீ வாயில் இருந்தது.

திங்கட்கிழமை முதல் ஷிப்ட். சிங்காரவேலு அண்ணன் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பினார். "இன்னாம்மா, கப்பு?"

"சுத்துச்சுண்ணா" என்றேன்.

கடைசி பெல்ட்டின் பட்டனில் விரலை வைத்து, சைரனை அழுத்தினேன்.