உள்ளே விட்ட துணி

தையல்காரருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எந்தச் சட்டையானாலும் உள்ளே இரண்டு விரல் துணி விட்டுத்தான் தைப்பார். "நாளைக்கு வந்து பிரிச்சு விடச் சொன்னா நான் துணிக்கு எங்க போறது?" என்பார். அந்தத் துணி அதிகம் தேவைப்பட்டது அவர் மனைவிக்குத்தான். கல்யாணமான புதிதில் குண்டம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார், அதுவே பெயராக நிலைத்துவிட்டது.

அவளுக்குச் சர்க்கரை ஏறி, முட்டியும் வலித்தபோது டாக்டர் வாரம் ஒரு ஊசி எழுதிக் கொடுத்தார். சர்க்கரையும் இறங்கும், எடையும் இறங்கும் என்றார். டயட்டீஷியன் அம்மா இருவரையும் உட்கார வைத்து, பொறுமையாகச் சொன்னார்: "இந்த ஊசி பசியை அடக்கிடும். பசிக்கட்டும்னு காத்திருக்காதீங்க. கொஞ்சமா சாப்பிட்டாலும் முட்டை, பருப்பு, தயிர் முதல்ல. தினமும் நடக்கணும். சாப்பாடே இறங்கலைன்னா உடனே போன் பண்ணுங்க."

தையல்காரர் காதில் விழுந்தது 'கொஞ்சமா' மட்டும்தான். தனக்கு வேண்டியதை மட்டும் வாங்கிக்கொள்கிற காது அது.

'இன்னும் ஒரு கரண்டி' என்று ஊட்டி ஊட்டியே அவளைக் கெடுத்துவிட்டதாகச் சொந்தக்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட மனிதர். இப்போது திருந்திவிட்டார். கடையை மூடிவிட்டு வந்ததும், "பசிக்குதா?" என்பார்.

"இல்லங்க."

"அப்போ விடு. வயித்துக்குத் தெரியும்."

போட்ட சோறு அப்படியே ஃப்ரிட்ஜுக்குள் போகும். பரீட்சையில் பாஸான பிள்ளையைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்துச் சிரிப்பார். அவளும் சிரிப்பாள், பாவம்.

சட்டைகள் தொளதொளத்தன. அவர் டேப்பை எடுத்தார். இடுப்பைப் பிடித்தார், அடுத்து தோளை, அதற்கடுத்து கையை. கை சுற்றளவு குறையக் குறைய அவருக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவளைக் கூப்பிட்டுக் காட்டினார். ஒருநாள் உற்சாகம் தாங்காமல் அவள் சட்டைகளையெல்லாம் உள்பக்கம் திருப்பி, உடம்புக்கு ஒட்டப் பிடித்துத் தைத்து, மிச்சத் துணியைக் கத்தரித்துக் குப்பையில் போட்டார். பழைய உடம்பு திரும்பி வரவே கூடாதாம்.

ஊறுகாய் பாட்டில் மூடியை அவளால் திருக முடியவில்லை. "பாட்டிலுக்கு உன் மேல பயம் போயிடுச்சு," என்று கேலி செய்தார். நாற்காலியிலிருந்து கையை ஊன்றி எழுந்தாள். முட்டிதான் என்று நினைத்துக்கொண்டார்.

ஒருநாள் குளியலறையில் தடுமாறினாள். கம்பியைப் பிடித்தாள், பிடித்த கைக்கு உடம்பைத் தாங்கத் தெம்பில்லை. இடுப்பெலும்பு முறிந்தது.

ஆபரேஷனுக்குப் பிறகு டயட்டீஷியன் அம்மா கட்டிலருகே வந்தார். அவள் மேற்கையை விரல்களால் சுற்றிப் பிடித்துப் பார்த்தார். "கொழுப்பு மட்டும் போகலைங்க, சதையும் சேர்ந்து போயிருக்கு. எலும்பு கூடிடும். எழுந்து நடக்கத் தெம்பு வேணுமே. கை எப்பலேர்ந்து இப்படி?"

அதற்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். டேப் பிடித்தவர் அவர்.

"போன் பண்ணியிருந்தா மருந்தைக் குறைச்சிருப்போம். இனிமே பசிக்குதான்னு கேக்காதீங்கய்யா. நேரமாச்சு, சாப்பிடுன்னு சொல்லுங்க."

டயட்டீஷியன் அம்மா போனதும் தையல்காரர் முட்டையை மசித்து எடுத்து வந்தார். "பசிக்..." என்று வாய் பழக்கத்தில் ஆரம்பித்து, விழுங்கிக்கொண்டார். "நேரமாச்சும்மா." இரண்டு வாய் வாங்கினாள். மூன்றாவதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இவள் எழுந்து நடப்பாளா என்று அவருக்குப் பயம் வந்தது.

டிரிப்ஸ் ஏறிய கை வீங்கியிருந்தது. வீட்டிலிருந்து கொண்டுவந்த சட்டையை நர்ஸ் போட்டுவிடப் பார்த்தாள், கை நுழையவில்லை.

"அவர்கிட்ட குடுங்க," என்றாள் மனைவி, நர்ஸிடம் கொஞ்சம் பெருமையாகவே. "பிரிச்சு விட்டுடுவார். எப்பவும் உள்ள துணி விட்டுத்தான் தைப்பார்."

தையல்காரர் சட்டையை வாங்கி உள்பக்கம் திருப்பினார். தையலை ஒட்டி, ஒட்ட நறுக்கிய விளிம்பு. தடவிப் பார்த்துக்கொண்டே நின்றார். கண்ணீர் சட்டை மேலேயே விழுந்தது.

"இல்லம்மா. வெட்டிட்டேன்."

அவள் சட்டையை வாங்கி ஓரமாக வைத்தாள்.

"அதுக்கு ஏங்க அழறீங்க? புதுசா ஒண்ணு தைங்க. என் அளவு உங்களுக்குத் தெரியாதா?"