கூட்டம் முடியட்டும்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸ்கேன் பார்க்கிறவர் போன் செய்தபோது டாக்டரம்மா விழிப்புணர்வுக் கூட்டத்துக்கான பேனரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். சாயப்பட்டறைக் கழிவால் ஊரே புற்றுநோயில் விழுகிறது என்று வருஷக்கணக்காகத் தொண்டை கிழியக் கத்துகிறவள்.

"உங்க வாயாடிக்குப் புற்று நுரையீரலுக்கும் பரவியிருக்கு" என்றார் அவர்.

வாயாடி என்றால் வார்டுக்கே தெரியும். தையல் மிஷினை நம்பிப் பிழைக்கிறவள். மார்பில் கட்டி வந்து, ஆபரேஷன் ஆகி, மொட்டைத் தலையோடு பக்கத்துக் கட்டில்காரிகளை வயிறு வலிக்கச் சிரிக்கவைத்தவள். டாக்டரம்மா புள்ளிவிவரம் பேசினால் கூட்டம் கொட்டாவி விடும். வாயாடி மைக்கைப் பிடித்தால் ஒருத்தர் அசையமாட்டார். ஞாயிற்றுக்கிழமை அதிகாரிகள் வருகிறார்கள், டிவிக்காரர்கள் வருகிறார்கள். இப்போது போய் இதைச் சொன்னால் அவள் எப்படிப் பேசுவாள்? கூட்டம் முடியட்டும், அதற்குள் என்ன குடிமுழுகிவிடப் போகிறது! அடடா, படித்த மனசுக்குச் சாக்குக் கண்டுபிடிக்கவா தெரியாது?

"நேரத்தோட ஆஸ்பத்திரிக்கு வந்தேன், பிழைச்சேன். இனி எமனே வந்தாலும் சட்டைக்கு அளவெடுத்துத்தான் திருப்பி அனுப்புவேன்!" என்றாள் வாயாடி மேடையில். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. டாக்டரம்மாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் தட்டினாள்.

கீழே இறங்கியதும் வாயாடியின் மகள் ஓடிவந்தாள். "டாக்டர், அம்மா ஸ்கேன் என்னாச்சு? வெளிநாட்டுல வேலை கிடைச்சு ராத்திரி கிளம்பறேன். சேர்ந்துட்டா சட்டுனு லீவு தரமாட்டாங்க. ஏதாவது இருந்தா சொல்லுங்க, நான் போகல."

பக்கத்தில் டிவிக்காரர் மைக்கை நீட்டிக்கொண்டு நின்றார்.

"ஒண்ணும் இல்லம்மா, தைரியமா போயிட்டு வா."

அந்தப் பெண் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

திங்கட்கிழமை டாக்டரம்மா வாயாடியைத் தன் அறையில் உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னாள். வாயாடி முதலில் கேட்டது ஒன்றுதான்.

"எப்போ தெரிஞ்சுது?"

இன்று காலை என்று சொல்லியிருக்கலாம். யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் இன்னொரு பொய்க்கு அவளிடம் தெம்பில்லை. "வெள்ளிக்கிழமை. கூட்டம் முடியட்டும்னு..." தலையைத் தொங்கப்போட்டாள்.

"சொல்லியிருந்தாலும் நான் பேசியிருப்பேனே, டாக்டரம்மா. இன்னும் நல்லாவே பேசியிருப்பேன்." வாயாடியின் குரல் உடைந்தது. "ஆனா என் புள்ளைய அனுப்பியிருக்கமாட்டேன்."

"மன்னிச்சிடும்மா" என்றாள் டாக்டரம்மா. அந்த வார்த்தை அவள் காதுக்கே அசிங்கமாக இருந்தது.

அப்போது வாயாடியின் பைக்குள் போன் அடித்தது. மகள்தான். வாயாடி அதை எடுத்துப் பார்த்தாள், மூக்கை உறிஞ்சினாள், அப்படியே டாக்டரம்மாவிடம் நீட்டினாள்.

"உங்க பேச்சை நம்பித்தானே போனா? நீங்களே சொல்லுங்க."

வாங்காமல் இருக்க முடியவில்லை.

"அம்மா! வந்து சேர்ந்துட்டேன்மா! ரூம் ரொம்ப நல்லாயிருக்கு!"

"அம்மா இல்லம்மா, நான் டாக்டர் பேசறேன்."

"ஐயோ, டாக்டரா! முதல்ல உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்னு நெனச்சேன்!"