இரண்டு பெட்டிக்கு நடுவில்

அலமாரிக்காரர் வீட்டுக் கூடத்தில் இரண்டு பெட்டிகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. ஸ்பீக்கர் பெட்டிகள்தான்; ஸ்பீக்கர்தான் உள்ளே இல்லை. பலகை அறுத்தது, ஒட்டியது, மெருகு போட்டது எல்லாம் அவர் கைவேலை. ஊருக்கே அலமாரி செய்துகொடுக்கிறவருக்கு அதெல்லாம் ஒரு பொருட்டில்லை. ஒயர் இழுத்து அவற்றுக்கு உயிர் கொடுக்க வேண்டியவள் அவர் தங்கை. கல்யாணத்துக்கு முன்னால் டிவி ரிப்பேர் கடையில் வேலை பார்த்தவள். மரம் அண்ணனுக்கு, மின்சாரம் தங்கைக்கு என்பது சின்ன வயதிலேயே இருவருக்குள்ளும் நடந்துவிட்ட பாகப்பிரிவினை.

கடைசியாக வந்திருந்தபோது பலகைக்கு அளவு குறித்துக் கொடுத்தவளே அவள்தான். கிளம்பும்போது வாசலில் நின்று, "நான் வர்ற வரைக்கும் ஒயர்ல கை வைக்காத அண்ணே. வச்சே, கையை முறிச்சுடுவேன்" என்று மிரட்டிவிட்டுப் போய்க் கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டாள்.

அதன்பிறகு விடுமுறைதோறும் காரணம் வந்ததே தவிர அவள் வரவில்லை. மாமியாருக்கு முட்டி ஆபரேஷன். பெரியவனுக்குப் பரீட்சை. மாப்பிள்ளைக்குக் கடையை இடம் மாற்ற வேண்டியிருந்தது. எல்லாமே நியாயமான காரணங்கள். கோபப்படக்கூட இடம் வைக்காத காரணங்கள்.

"ஒண்ணுல வெங்காயம், இன்னொண்ணுல உருளைக்கிழங்கு போட்டுக்கட்டுமா? ஓட்டை இருக்கு, அழுகாது" என்பாள் மனைவி.

"தொட்டுப் பாரு."

"ஏன், தங்கச்சி பேருக்குப் பட்டா போட்டாச்சா?"

அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் தங்கை போன் செய்தாள்.

"இந்த வருஷமும் முடியாது போல இருக்கு. நீயே பண்ணிடேன் அண்ணே. பக்கத்துல உக்காந்து எத்தனை வாட்டி பாத்திருக்கே!"

"எனக்கெங்க தெரியும்?"

"நடிக்காத."

நடிப்புதான். அவருக்குத் தெரியும். ஆனால் பெட்டி பாடிவிட்டால், அப்புறம் எதைச் சொல்லி அவளை வரச்சொல்வது? 'உன்னைப் பார்க்கணும் போல இருக்கு, வா' என்று யாரும் யாரையும் கூப்பிட்டுப் பழக்கமில்லாத குடும்பம் அது. 'வேலை கிடக்கு, வா' என்பார்கள். அந்த ஒரு வேலையையும் அவரையே முடிக்கச் சொல்லிவிட்டாள். மாட்டேன் என்றால் மனதில் இருப்பது தெரிந்துபோகும்.

"சரி" என்று போனை வைத்துவிட்டுத் தரையில் பாயை விரித்துச் சாமான்களைப் பரப்பினார்.

முதல் பெட்டிக்குள் பஞ்சை அடைத்தார். கனத்த சத்தத்தை வூஃபருக்கும் மெல்லிய சத்தத்தை ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும் சின்ன சர்க்யூட் பலகையை அடியில் முடுக்கினார். சிவப்பு ஒயர் பிளஸ்ஸுக்கு, கறுப்பு மைனஸுக்கு. பற்றவைக்கிற கோல் பட்டதும் ஈயம் உருகி, பளபளவென்று படிந்தது. மங்கலாகப் படிந்தால் அது பிடிக்காத பிடிப்பு என்பாள் அவள். வூஃபரை ஓட்டையில் உட்காரவைத்து, ஒரு ஸ்க்ரூவுக்கு அடுத்து அதன் எதிர் ஸ்க்ரூ என்று கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். பின்னாலிருந்த காந்தம் ஸ்க்ரூடிரைவரை வெடுக்கென்று இழுக்கப் பார்த்தது. காகிதக் கூம்பில் பொத்தல் விழாமல் இடது கையால் மறைத்துக்கொண்டார். அவள் அப்படித்தான் மறைப்பாள்.

இரண்டாவது பெட்டிக்குச் சிவப்பு, கறுப்பு ஒயர் போதவில்லை. வீட்டில் கிடந்த வெள்ளை ஒயரைப் போட்டார். இரண்டு இழையும் ஒரே நிறம். அடையாளத்துக்கு ஒன்றில் மெல்லிய கோடு இருந்ததை அவர் கவனிக்கவில்லை.

சாயங்காலம் ஆம்ப்ளிஃபயரோடு இணைப்புக் கொடுத்துப் பழைய பாட்டு ஒன்றைப் போட்டார். இரண்டு பெட்டியும் பாடின. ஆனாலும் ஏதோ போலிருந்தது. முன்னே போனார், பின்னே வந்தார். கடைசியில் தங்கைக்குப் போன் போட்டார்.

"பாடுதா?" என்றாள் எடுத்ததுமே.

"பாடுது. ஆனா ஆளைக் காணோம்."

"என்னது?"

"சத்தம் ரெண்டு பக்கமும் இருக்கு. பாடுறவர் எங்க நிக்கிறாருன்னே தெரியல. அடிச்சத்தம் வேற சப்புனு இருக்கு."

"போனைப் பெட்டிப் பக்கம் காட்டு."

காட்டினார். பல்லவி முடியவில்லை, அதற்குள் அவள் சிரித்துவிட்டாள்.

"ஒண்ணு தள்ளும்போது இன்னொண்ணு இழுக்குது. ஒண்ணுல பிளஸ்ஸும் மைனஸும் மாறிப்போச்சு. ரெண்டுக்கும் ஒரே கலர் ஒயரா போட்டே?"

"வலது பொட்டிக்கு மட்டும்."

"அலமாரிக் கதவு மாதிரி எந்தப் பக்கம் வேணா மாட்டலாம்னு நெனச்சியா? அந்தப் பொட்டிக்குப் பின்னாடி வர்ற ஒயர் ரெண்டையும் இடம் மாத்திக் குத்து, போதும்."

பாட்டை நிறுத்தி, ஒயரை மாற்றிக் குத்தி, மறுபடியும் போட்டார்.

இரண்டு பெட்டிக்கும் நடுவே, வெற்றுச் சுவருக்கு முன்னால், பாடுகிறவர் வந்து நின்றார். கை நீட்டினால் தோளைத் தொடலாம் போலிருந்தது. மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. அடுப்படியிலிருந்து மனைவி ஈரக்கையோடு எட்டிப் பார்த்து, அங்கேயே நின்றுவிட்டாள்.

"இப்ப எப்படி இருக்கு?" என்றது போன்.

அலமாரிக்காரர் பெட்டிகளைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"இல்ல... இன்னும் சரியா வரல."

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பாட்டு கணீரென்று போன் வழியே அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"அப்படியா?" என்றாள் தங்கை. "போன்ல எனக்கு ஒண்ணும் பிடிபடல அண்ணே. நேர்ல வந்து கேட்டாத்தான் சொல்ல முடியும்."

இதே போனில்தான், கொஞ்சம் முன்னால், பல்லவி முடிவதற்குள் கண்டுபிடித்தாள்.

"எப்ப வர்றே?" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து வராத கேள்வி. கேட்டபின் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"இரு, அவர்கிட்ட கேட்டுட்டு வர்றேன். வச்சுடாத."

அவள் செருப்புச் சத்தம் அங்கே எங்கோ ஓர் அறையைக் கடந்து போனது. கதவு ஒன்று திறந்தது. இங்கே பாட்டு முடிந்துவிட்டது. அடுத்ததைப் போடப் போன மனைவியைக் கையமர்த்திவிட்டு, அலமாரிக்காரர் நின்ற இடத்திலேயே நின்றார்.