ஐந்து பேர் கூடிய ஊர்

“அண்ணாவின்ர மரணச் சான்றிதழைத் தாங்கோ, அப்பா.”

எதைக் கேட்டாலும் அதை மட்டும் கேட்டுவிடாதே, அப்பாவுக்கு நெஞ்சு நோ வந்துவிடும் என்று றீற்றா மகளுக்குப் பன்னிரண்டு வயதிலேயே சொல்லி வைத்திருந்தாள். இப்போது நிரோஷினிக்கு இருபது. கேட்டே விட்டாள்.

பஸ்ரியாம்பிள்ளை டிவியின் சத்தத்தைக் குறைத்தார். “உது என்னத்துக்கு இப்ப?”

“நாளைக்கு எட்டாம் வருசப் பூசை. செத்ததுக்கு ஒரு துண்டுக் கடுதாசியாவது இருக்க வேணுமே?”

எண்பத்தைந்தாம் ஆண்டில் யாழ்ப்பாணத்து வீட்டில் தகப்பன் சொன்ன செய்தி இதுதான்: அண்ணன் றெமிஜியஸ் பிரான்சில் ஒரு சின்ன ஊரின் ஆற்றில் மூழ்கிப் போனான், அங்கேயே அடக்கம். குடும்பத்தோடு கனடாவுக்கு வந்த பிறகும் அந்த ஊரின் பெயரை நிரோஷினி மறக்கவில்லை. குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகப் படியேறியவள் அவள். ரொறன்ரோவில் புவியியல் கட்டுரைக்கு ஏதாவது ஓர் ஊரின் சனத்தொகையை எழுதச் சொன்னபோது, வேறு ஊர் அவளுக்குத் தோன்றவே இல்லை. பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சில் அந்த ஊர்ச்சபைக்கு எழுதிப் போட்டாள்.

எண்கள் வந்தன. நூறு வருடத்துக்கு முன் அறுநூறு பேர். முதலாம் உலக யுத்தம் முடிய முந்நூறு. இளசுகள் பட்டணத்துக்கும் கிழடுகள் மண்ணுக்குள்ளும் போக, எண்பத்திரண்டில் மிஞ்சியது நாற்பத்தேழு. ஆனால் தொண்ணூறில் ஐம்பத்திரண்டு! செத்துக்கொண்டிருக்கிற ஊரில் சனம் எப்படிக் கூடும்? திரும்பவும் எழுதிக் கேட்டாள்.

பதில் இன்று காலையில் வந்தது. அதைத் தமிழாக்கி வாசித்தாள்.

“‘தாய், தகப்பன், மூன்று பிள்ளைகள் வந்து குடியேறியதால் எங்கள் பள்ளிக்கூடம் மூடாமல் தப்பியது. பஸ்ரியாம்பிள்ளை குடும்பம். உங்கள் கையெழுத்திலும் அதே பெயர். சொந்தமோ?’”

எங்கள் வழக்கப்படி றெமிஜியஸின் பிள்ளைகளுக்குப் பின்னால் றெமிஜியஸ் என்றுதான் வர வேண்டும். பிரெஞ்சுக்காரன் அதை எங்கே கண்டான்! தாத்தாவின் பெயரைக் குடும்பப் பெயரென்று எண்ணி மூன்று பேருக்கும் ஒட்டிவிட்டான்.

“பிள்ளையளுக்கு உங்கட பேர், அப்பா. ஆத்தில மூழ்கிச் செத்தவனுக்கு எப்பிடி மூண்டு பிள்ளை?”

பஸ்ரியாம்பிள்ளைக்கு நெஞ்சு நோ வரவில்லை. “எனக்கு அவன் செத்தவன்தான். ஆரைக் கட்டினவன் எண்டு தெரியுமே? எங்கட ஆக்களே அது? அவன் இருக்கிறான் எண்டு தெரிஞ்சா உனக்கு ஒரு நல்ல இடத்தில சம்பந்தம் பேசேலுமே?”

அவள் குசினிப் பக்கம் ஓடினாள். “அம்மா! அண்ணா உயிரோட இருக்கிறான்!”

வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த றீற்றாவின் கத்தி நிற்கவில்லை.

“கத்தாதை, பிள்ளை. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்.”

தகப்பன் கல்லென்று நிரோஷினிக்குத் தெரியும். ஆனால் இவள்? கறுப்புச் சீலை கட்டி, முழங்காலில் நின்று, வருடா வருடம் விம்மியவள்?

“உங்களுக்கும் தெரியுமே? அப்ப அந்த அழுகை?”

“அழுகை பொய்யில்லை. பூசைதான் ஆக்களுக்கு.”

“உயிரோட இருக்கிறவனுக்கு ஆத்துமப் பூசை! ஆண்டவருக்கே காதில பூ சுத்தியிருக்கிறியள்.”

“நாளைக்கு வாயை மூடிக்கொண்டு கோயிலுக்கு வா,” என்றார் தகப்பன்.

“வரேல்லை. கடுதாசி வந்த கையோட பிரான்சுக்கு டிக்கெற் போட்டிட்டன். நீங்களா உண்மையைச் சொல்லுவியளோ எண்டு பாக்கத்தான் சான்றிதழைக் கேட்டனான்.”

“சாப்பிட்டிட்டுப் போவன்,” என்றாள் றீற்றா.

நிரோஷினி சப்பாத்தைக் காலில் கொழுவினாள். கட்டிலுக்கு அடியில் காலையிலேயே அடுக்கி வைத்திருந்த பையை இழுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.