வெள்ளைப் பக்கம்

வடக்கே காடு பற்றியெரிந்து கனடாவின் சஸ்கட்டூன் நகர் முழுக்கப் புகை சூழ்ந்தபோது, லோர்னா கடையில் இருந்ததிலேயே நெருக்கமான இழையுள்ள காற்று ஃபில்டரை வாங்கி வந்து வீடு முழுக்கக் காற்றை அனுப்பும் ஃபர்னஸில் மாட்டினாள். வீட்டுக் காற்றெல்லாம் அதன் வழியே போய்வர, விசிறி ஐந்து வாரம் நிற்காமல் ஓடியது.

"வீட்டுக்கே மாஸ்க் போட்டு விடுறியாக்கும்!" என்றான் அவள் கணவன் ஓரெஸ்ட். அவனுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

மழை பெய்து புகை அடங்கியதும், புதியதை மாட்டுவதற்காக அவனே பழையதை உருவினான். மடிப்பெல்லாம் கரி. மூக்கருகே கொண்டுபோனான். கருகிய பைன் மர வாடை அடித்தது.

"ஏய், இங்க வாயேன்! காடே வந்து இதுல உக்காந்திருக்கு."

"திருப்பிப் பாரு."

திருப்பினான். பின்பக்கம் ஏறக்குறைய வெள்ளையாகவே இருந்தது. அதை அவளிடம் நீட்டினான்.

லோர்னா அந்த வெள்ளையை விரலால் தொட்டாள்.

"நாம இந்தப் பக்கம் இருந்தோம்."