இரண்டு மணிச் சங்கு

அன்று மழை தூறியதா, வெயில் அடித்ததா என்று கேட்டால் இப்போது சொல்லத் தெரியவில்லை. ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கேட்டதில் பாதி மறந்து, மீதி ஒன்றோடொன்று கலந்துபோயிற்று. ஆனால் அன்று இரண்டு மணிக்குச் சங்கு ஊதவில்லை என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை.

மேட்டில் இருந்த செம்புச் சுரங்கக் கம்பெனியின் கேட்டுக்கு மேலே ஒரு சின்ன அறை. அங்கே உட்கார்ந்து, ஷிப்ட் மாறும்போதெல்லாம் சங்கை ஊதுவது அவள் வேலை. ஊரே அவளைச் சங்கக்கா என்றுதான் கூப்பிட்டது. "எனக்கு எப்போ ஊதப் போற?" என்று வயசானவர்கள் சீண்டுவார்கள். "வரிசையில வாங்க" என்பாள்.

அன்று கம்பெனிக்கு நூறு வயது. மாலையில் முதலாளிகள் வருவதாக ஏற்பாடு. கீழே வராந்தாவில் மேனேஜர் பழைய புகைப்படங்களை மாட்டிக்கொண்டிருந்தார். முதல் சுரங்க வாய், முதல் உலை, முதல் லாரி. கழிவு கலந்து ஆறு பச்சையாக ஓடிய வருடங்களுக்கும், துப்பாக்கியால் அடக்கிய வேலைநிறுத்தத்துக்கும் அந்தச் சுவரில் இடமில்லை. செம்பு விலை ஏற ஏற, செம்பு பிரித்த சேற்றைத் தேக்கும் கழிவுக் குளத்தின் கரையைப் பழைய கழிவின் மேலேயே உயர்த்திக்கொண்டு போனதற்கும் இல்லை. அந்தக் கரைக்கு நேர் கீழேதான் தொழிலாளர் வீடுகள். அவற்றில் ஒன்றில் அவளுடைய நாத்தனார் இருந்தாள். இருவருக்கும் முகம் கொடுத்துப் பேசும் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

சாப்பாட்டு டப்பாவை மூடும்போது போன் அடித்தது. கரையில் காவல் பார்க்கும் அவள் தம்பி.

"அக்கா, கரை அடியில தண்ணி கலங்கி வருது."

"எப்பவும் கசியறதுதானே?"

"கசிஞ்சா தெளிவா வரும்க்கா. இது சேறு. கரை உள்ளுக்குள்ள கரைஞ்சுக்கிட்டு இருக்கு. இன்ஜினியர்கிட்ட சொன்னா போட்டோ எடுத்து அனுப்புங்கறாரு. இங்க என்ன கல்யாணமா நடக்குது? அபாயச் சங்கை ஊதுக்கா!"

அபாயச் சங்கின் பெட்டி பூட்டியிருந்தது. சாவி மேனேஜரிடம். அவள் படிகளில் விழாத குறையாக இறங்கி ஓடினாள்.

மேனேஜர் பல்லில் கடித்திருந்த ஆணியை எடுத்துவிட்டுப் பேசினார். "உனக்கு முன்னாடி இருந்தவரும் இப்படித்தான் ஊதினாரு. என்ன ஆச்சு? கரை அப்படியேதான் இருந்துச்சு, அவர் வேலைதான் போச்சு. தலைமை ஆபீஸ் சொல்லாம சாவி கிடையாது."

"கேட்டுப் பாருங்க சார்."

"இன்ஜினியர் சொன்னதுமே கேட்டாச்சு. விழா முடியட்டும்னுட்டாங்க. உன் தம்பி நிழலைப் பார்த்தாலே மிரளுற ஆளு. போம்மா, ரெண்டு மணி சங்கை ஒழுங்கா ஊது."

மேலே வந்து நாத்தனாருக்குப் போன் போட்டாள். "அண்ணி, எல்லாரையும் கூட்டிக்கிட்டு மேட்டுக்கு வாங்க. கரை உடையப் போகுது."

"போன தடவை இதைச் சொல்லித்தானே ஓட விட்டீங்க? நடுரோட்டுல நின்னு பல்லிளிச்சோம். வேற ஆளைப் பாரு." போன் வைக்கப்பட்டது.

இரண்டு மணி. விரல் பொத்தான் மேல் இருந்தது. சங்கு ஊதினால் இங்கே யார் காது கொடுக்கிறார்கள்? அடுப்பை அணைப்பார்கள், செருப்பைத் தேடுவார்கள். ஊதாவிட்டால்தான் கேட்கும். சுரங்கத்துக்குள்ளே சாவு விழுந்தால், உடல்கள் மேலே வரும்வரை ஷிப்ட் மாறாது, சங்கும் ஊதாது. கம்பெனி வைத்த வழக்கம்தான்.

அவள் விரலை எடுத்தாள். ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கிக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. எங்கோ ஒரு குழாய் சொட்டியது. பிறகு கீழே ஒரு கதவு திறந்தது. இன்னொன்று. ஈரக் கையோடு ஒருத்தி வெளியே வந்து கேட்டையே பார்த்து நின்றாள். அப்புறம் ஓடத் தொடங்கினாள். அவள் பின்னால் தெருவே மேடேறியது.

மேனேஜர் மூச்சு வாங்க வந்து நின்றார். "ஏன் ஊதல? அதைக் குடு இப்படி!"

"தர மாட்டேன் சார்."

கையைப் பிடித்து விரல்களைப் பிரிக்கப் பார்த்தார். அவள் முஷ்டியை வயிற்றோடு அழுத்திக் குனிந்துகொண்டாள்.

ஜன்னலுக்குக் கீழிருந்து நாத்தனாரின் குரல் வந்தது. "என் புள்ள உள்ள இருக்கான்! எந்தக் குழியில? சொல்லுடி! உயிரோட இருக்கானா, இல்லையா?"

இருக்கிறான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லோரும் திட்டிக்கொண்டே வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். சங்கக்கா நாத்தனாரின் முகத்தைப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. நாத்தனார் கேட்டுக் கம்பியில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். அப்போதும் திறக்கவில்லை.

கரை அதற்குப் பிறகுதான் உடைந்தது.

வீடுகள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. படுக்கையிலிருந்த இரண்டு கிழவர்களும், அவர்களில் ஒருவரை விட்டு வர மறுத்த அவர் மனைவியும் இறந்தார்கள். தம்பி மேட்டுப் பக்கம் ஓடித் தப்பினான். அவன் சரியாகத் தகவல் சொல்லவில்லை என்று விசாரணையில் எழுதி, வேலையை விட்டு எடுத்தார்கள். சங்கை ஊதாத குற்றத்துக்கு அவளையும் அனுப்பினார்கள். இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை செய்கிறாள். மேனேஜர் தலைமை ஆபீசுக்கு உயர்வு பெற்றுப் போனார். கம்பெனி வேறு பெயரில் வேறு மலையைத் தோண்டுகிறது. நாத்தனாரின் மகன் லாரி ஓட்டுகிறான். நாத்தனார் கம்பெனி கட்டிக் கொடுத்த வீட்டில் இருக்கிறாள். உயிர் பிழைத்தது யாரால் என்று அவளுக்குத் தெரியும். பிள்ளை செத்துவிட்டான் என்று நம்ப வைத்ததை அவள் மன்னிக்கவில்லை. இன்றுவரை பேசுவதில்லை.